எலி இதயத்தில் செலுத்தும் எம்எஸ்சி: 28 நாள் பின்தொடர எந்த லேபிள்?

திசுவளர்ப்பு எழுதியது:

எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த எம்எஸ்சி (மீசென்கைமல் ஸ்டெம் செல்), மூன்றாம் பாசேஜ் (மூன்றாம் முறை பிரித்து வளர்த்தது). சுண்டெலி இல்லை, எலி. 300 கிராம் அளவு. இடது கரோனரித் தமனியைக் கட்டி மாரடைப்பு உண்டாக்கி, காயத்தின் ஓரத்தில் 10 லட்சம் செல் ஊசியில் செலுத்துவது திட்டம். 1, 7, 28 ஆகிய நாட்களில் எவ்வளவு செல் தங்கியிருக்கிறது என்று தெரிய வேண்டும். செல்லில் அடையாளமாக (லேபிள்) இரும்பு ஆக்சைடு ஏற்றி எம்ஆர்ஐ எடுக்கலாம் என்று யோசனை. பழைய கட்டுரைகள் எல்லாம் ஃபெரிடெக்ஸ் என்ற இரும்பு ஆக்சைடு மருந்தைச் சொல்கின்றன. அது இப்போது கிடைப்பதில்லை. அதற்குப் பதில் ஃபெருமாக்ஸிடால் என்ற இரும்பு மருந்தை வைத்துச் செய்பவர்கள் அளவுகளைச் சொல்ல முடியுமா?


காந்தப்படம் எழுதியது:

ஃபெரிடெக்ஸ் தயாரிப்பு 2008-லேயே நின்றுவிட்டது. ஐரோப்பாவில் எண்டோரெம் என்ற பெயரில் விற்றதும் அதே சரக்குதான். அந்தக் கட்டுரைகளின் அளவுகளை அப்படியே ஃபெருமாக்ஸிடாலுக்கு மாற்றிப் போடாதீர்கள். ஃபெருமாக்ஸிடால் துகள் சிறியது, ஏறத்தாழ 30 நானோமீட்டர். மேலுறை எதிர்மின்னேற்றம் கொண்டது. வெறுமனே மீடியத்தில் (செல் வளர்ப்புத் திரவம்) ஊற்றினால் எம்எஸ்சி அதைச் சீந்தாது.

2012-ல் நேச்சர் மெடிசினில் வந்த முறைதான் இப்போது பலரும் பின்பற்றுவது. ஒரு மி.லி.க்கு ஹெப்பாரின் 2 யூனிட், புரோட்டமின் சல்பேட் 60 மைக்ரோகிராம், ஃபெருமாக்ஸிடால் 50 மைக்ரோகிராம். நேர்மின்னேற்றமுள்ள புரோட்டமினும் எதிர்மின்னேற்றமுள்ள ஹெப்பாரினும் ஒட்டிக்கொண்டு நுண்ணிய திரள் உண்டாகும். அதற்குள் இரும்புத் துகள் சிக்கிக்கொள்ளும். செல் விழுங்குவது அந்தத் திரளைத்தான்.

10 மி.லி. சீரமில்லா மீடியத்துக்குக் கணக்கு இது. மி.லி.க்கு 1000 யூனிட் உள்ள ஹெப்பாரின் என்றால் 20 மைக்ரோலிட்டர். மி.லி.க்கு 10 மி.கி. உள்ள புரோட்டமின் ஆம்பூல் என்றால் 60 மைக்ரோலிட்டர். ஃபெருமாக்ஸிடால் குப்பியில் மி.லி.க்கு 30 மி.கி. இரும்பு இருக்கிறது, ஆகவே 17 மைக்ரோலிட்டர் போதும். கையில் 5000 யூனிட் ஹெப்பாரின்தான் இருக்கிறது என்றால் 4 மைக்ரோலிட்டர் எடுக்க முயலாதீர்கள். முதலில் ஐந்து மடங்கு நீர்த்துவிட்டு 20 எடுங்கள். பென்சைல் ஆல்கஹால் சேர்த்த ஹெப்பாரினைத் தவிருங்கள்.

செல் 70 முதல் 80 சதவீதம் நிறைந்திருக்கும்போது பழைய மீடியத்தை எடுத்து, பிபிஎஸ்ஸால் (உப்புத் தாங்கல் கரைசல்) கழுவி, இந்தக் கலவையை ஊற்றி 2 மணி நேரம் வையுங்கள். பிறகு அதே அளவு சீரமுள்ள மீடியம் சேர்த்து இரவு முழுக்க விடுங்கள். காலையில் பிபிஎஸ்ஸால் இருமுறை கழுவி, அடுத்து மி.லி.க்கு 10 யூனிட் ஹெப்பாரின் கலந்த பிபிஎஸ்ஸால் ஒருமுறை கழுவ வேண்டும். செல்லின் வெளிப்புறத்தில் ஒட்டியிருக்கும் திரளைப் பிரித்தெடுப்பது இந்த ஹெப்பாரின் கழுவல்தான். இதை விட்டால் ஊசியில் போகும் இரும்பில் ஒரு பங்கு செல்லுக்குள் இல்லாமல் வெளியிலேயே போகும்.

கெட்டுப்போவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். தொடக்கத்திலேயே மீடியத்தில் சீரம் மிச்சமிருந்தால் அதன் புரதங்கள் புரோட்டமினைப் பிடித்துக்கொள்ளும், இரும்பு ஏறாது. புரோட்டமின் கூடிவிட்டால் பெரிய கட்டிகள் உண்டாகி செல்களுக்கிடையே படியும். எவ்வளவு கழுவினாலும் போகாது. கழுவிய பிறகு ஃபேஸ் கான்ட்ராஸ்ட் நுண்ணோக்கியில் பாருங்கள். செல்லே இல்லாத வெற்றிடத்தில் பழுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அந்த ஃபிளாஸ்க்கைப் பயன்படுத்த வேண்டாம்.


பிசிஆர்மேசை எழுதியது:

அளவுகள் சரி. ஆனால் கேள்வி 28 நாள் செல் எண்ணிக்கை. அதற்கு இரும்பு ஏற்றதல்ல என்பதை இழையின் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

செல் செத்தால் இரும்பு சாகாது. மாரடைப்புக் காயத்தில் மேக்ரோஃபேஜ்கள் (கழிவை விழுங்கும் நோயெதிர்ப்பு செல்கள்) நிறைந்திருக்கும். செத்த செல்லை இரும்போடு சேர்த்து விழுங்கிவிட்டு அங்கேயே வாரக்கணக்கில் இருக்கும். எம்ஆர்ஐயில் கறுப்புப் புள்ளி அதே இடத்தில், ஏறக்குறைய அதே அளவில் தெரியும். 2007-ல் சர்குலேஷன் இதழில் வந்த எலி ஆய்வு இதைத்தான் காட்டியது: 4 வாரம் கழித்துத் திசுவை வெட்டிப் பார்த்தால் இரும்பு இருந்ததெல்லாம் சிடி68 என்ற அடையாளப் புரதம் உள்ள மேக்ரோஃபேஜுக்குள். செலுத்திய எம்எஸ்சி அங்கே இல்லை. அடுத்த ஆண்டே அதே இதழில் இன்னொரு எலி ஆய்வும், எம்ஆர்ஐ குறி செல் பிழைப்பைக் கூட்டிக் காட்டுகிறது என்று சொன்னது.

இதோடு காயத்தில் ரத்தக்கசிவு இருந்தால் ஹீமோசிடரின் (சிதைந்த ரத்தத்தின் இரும்புப் பொருள்) படியும். அதுவும் இரும்புதான், டி2 ஸ்டார் வகை எம்ஆர்ஐ படத்தில் அதுவும் கறுப்புதான். உப்புநீர் மட்டும் செலுத்திய எலி இல்லாமல் இந்த இரண்டையும் பிரிக்கவே முடியாது.


காந்தப்படம் எழுதியது:

ஏற்கிறேன், ஆனால் எம்ஆர்ஐயை முழுக்க ஒதுக்குவதும் சரியில்லை. அது பதில் சொல்லும் கேள்வி வேறு: ஊசி போன இடம் சரியா? 2005-ல் நெதர்லாந்தின் நைமேகன் குழு மெலனோமா (தோல் புற்றுநோய்) நோயாளிகளுக்கு டென்ட்ரிடிக் செல்லை (ஒரு நோயெதிர்ப்பு செல்) நிணநீர் முடிச்சில் செலுத்தியது. அல்ட்ராசவுண்ட் பார்த்துக்கொண்டேதான் ஊசி போட்டார்கள். செல்களில் இரும்பும் கதிரியக்க இண்டியம்-111-உம் இரண்டும் இருந்தன. எம்ஆர்ஐயில் பார்த்தபோது 8 பேரில் 4 பேருக்கு செல் முடிச்சுக்குள் போகவேயில்லை, பக்கத்துக் கொழுப்பில் கிடந்தது. கதிரியக்கப் படத்தில் மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது, அதன் இடத்துல்லியம் போதாது. இந்த வகைத் தகவல் விலைமதிப்பற்றது. ஒரு எலியில் 28-ஆம் நாள் பலன் தெரியாமல் போனால், செல் செத்ததாலா, முதல் நாளே இதயச் சுவருக்கு வெளியே போனதாலா என்று பிரித்துச் சொல்ல முதல் நாள் எம்ஆர்ஐதான் உதவும்.

ஆகவே முதல் நாளுக்கு இரும்பு. எண்ணிக்கைக்கு அது வேண்டாம். கறுப்புப் பகுதியின் கன அளவைச் செல் எண்ணிக்கையாக மாற்றவே கூடாது. இரும்பு தன் பருமனைவிடப் பல மடங்கு பெரிய நிழலைப் போடும், அந்த நிழல் எக்கோ நேரம் என்ற எம்ஆர்ஐ அமைப்போடு மாறும்.

ஏற்றிய அளவையும் பார்த்துவிடுங்கள். ஒரு செல்லுக்கு 10 முதல் 20 பிகோகிராம் இரும்பு வந்தால் போதும். 10 பிகோகிராம் என்றால் 10 லட்சம் செல்லில் மொத்தம் 10 மைக்ரோகிராம். செல் உருண்டையை அமிலத்தில் 60 டிகிரியில் கரைத்து, அஸ்கார்பிக் அமிலம், ஃபெரோசைன் (இரும்போடு சேர்ந்து நிறம் தரும் பொருள்) சேர்த்து 562 நானோமீட்டரில் படிக்கலாம். ஃபெரோசைன் இரு இணைதிற இரும்பை மட்டுமே பிடிக்கும், அதனால் அஸ்கார்பிக் அமிலம் கட்டாயம். லேபிள் ஏற்றாத செல்லையும் கூடவே படியுங்கள். கண்ணாடிக் குழாயிலிருந்து வரும் இரும்பே அளவைக் குழப்பும், பிளாஸ்டிக் குழாய் நல்லது.


திசுவளர்ப்பு எழுதியது:

நன்றி. அப்படியானால் எண்ணிக்கைக்கு என்ன வைப்பது? எளிதாகக் கிடைப்பது பிகேஎச்26, சிஎம்-டிஐ சாயங்கள், பிஆர்டியு (டிஎன்ஏவில் சேரும் அடையாளப் பொருள்). ஜிஎஃப்பி (பச்சை ஒளிர்புரதம்) ஏற்றும் வைரஸும் செய்ய முடியும். திசு வெட்டில் பச்சையாகவோ சிவப்பாகவோ தெரியும் செல்லை எண்ணினால் போதாதா?


விழித்திரை எழுதியது:

போதாது. இதற்கு விழித்திரைத் துறை பத்தாண்டு விலை கொடுத்திருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2006-ல் லண்டன் குழு, பிறந்து சில நாளான சுண்டெலிகளின் ஒளியுணர் செல் முன்னோடிகளை வளர்ந்த சுண்டெலியின் விழித்திரைக்குக் கீழே செலுத்தியது. செலுத்திய செல்களில் ராட் செல்லில் (மங்கலான ஒளியை உணரும் செல்) மட்டும் இயங்கும் ஜிஎஃப்பி இருந்தது. சில வாரத்தில் விழித்திரையின் வெளி நியூக்ளியஸ் அடுக்குக்குள் பச்சை செல்கள் ஒழுங்காக வரிசையில் நின்றன. வடிவமும் முழுமையான ராட் செல் வடிவம். செல் இடம்பெயர்ந்து உள்ளே போய் ஒன்றிவிட்டது என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அப்படி எடுத்துக்கொள்ளாமல் இருக்க அன்று காரணமும் இல்லை.

2016-ல் லண்டன், டிரெஸ்டன் உள்ளிட்ட இடங்களின் குழுக்கள் வேறொன்றைக் காட்டின. பச்சை செல்லை, வேறு நிற ஒளிர்புரதம் உள்ள விலங்கில் செலுத்தினால், அடுக்கில் நிற்கும் "ஒன்றிய" செல்களில் மிகப் பெரும்பாலானவற்றில் இரண்டு நிறமும் இருந்தன. ஆண் கொடையாளி, பெண் ஏற்பி (செல்லைப் பெறும் விலங்கு) என்று வைத்து ஒய் குரோமோசோமைத் தேடினால், பச்சை செல்லின் நியூக்ளியஸில் ஒய் இல்லை. அதாவது நியூக்ளியஸ் ஏற்பியுடையது, புரதம் மட்டும் கொடையாளியுடையது. கொடையாளியின் நியூக்ளியஸ்கள் ஊசி போட்ட இடத்திலேயே, விழித்திரைக்குக் கீழே, கிடந்தன. செல்கள் முழுதாக இணைந்திருந்தால் நியூக்ளியஸும் கூடியிருக்க வேண்டும், அப்படியும் இல்லை. சைட்டோபிளாசப் பொருள் கைமாறியிருக்கிறது.

இதனால் அந்தச் சிகிச்சைப் பலன் பொய் என்று ஆகாது. குறைபட்ட புரதம் கைமாறியே ஏற்பி செல் ஓரளவு வேலை செய்திருக்கலாம். ஆனால் செல் போய்ச் சேர்ந்தது என்ற வாசகம் விழுந்துவிட்டது. வடிவம் சரியாக இருக்கிறது, இடம் சரியாக இருக்கிறது, நிறம் சரியாக இருக்கிறது என்ற மூன்றையும் சேர்த்தாலும் சான்றாகாது. இரண்டாவதாக ஒரு அடையாளம் வேண்டும், அது நியூக்ளியஸிலேயே, மரபணுத் தொடரிலேயே இருக்க வேண்டும்.

நீங்கள் கேட்ட சாயங்கள் இதைவிட மோசம். பிகேஎச்26, சிஎம்-டிஐ இரண்டும் சவ்வில் செருகிக்கொள்ளும் கொழுப்புச் சாயங்கள்; செத்த செல்லின் சவ்வுத் துண்டு எங்கே போகிறதோ அங்கே சாயமும் போகும். பிஆர்டியு நியூக்ளியஸில்தானே இருக்கிறது என்று நினைப்போம். 2006-ல் ஸ்டெம் செல்ஸ் இதழில் வந்த மூளை ஆய்வு, கொன்று செலுத்திய செல்லிலிருந்துகூடப் பக்கத்து ஏற்பி செல்லுக்குப் பிஆர்டியு போய்விடுகிறது என்று காட்டியது. செத்த செல்லின் டிஎன்ஏ உடைந்து வரும் நியூக்ளியோசைடை (டிஎன்ஏவின் கட்டுமானக் கூறு), பெருகிக்கொண்டிருக்கும் ஏற்பி செல் எடுத்துத் தன் டிஎன்ஏவில் கோத்துக்கொள்ளும். மாரடைப்புக் காயத்தில் முதல் வாரம் ஃபைப்ரோபிளாஸ்ட் வேகமாகப் பெருகும் நேரம் என்பதை நினைவில் வையுங்கள்.


வளர்ப்புமேசை எழுதியது:

சாயம் வேறு வழியின்றிப் போடுபவர்களுக்கு இரண்டு குறிப்பு மட்டும்.

பிகேஎச்26-ஐ பிபிஎஸ்ஸில் கரைக்கவே கூடாது. உப்பு இருந்தால் சாயம் மைசெல்லாகத் திரண்டுவிடும், செல்மேல் சீராக ஏறாது. கிட்டோடு வரும் டைலுயன்ட் சி என்ற திரவத்தில் 4 மைக்ரோமோலார் சாயம், அதே திரவத்தில் மி.லி.க்கு 2 கோடி செல். இரண்டையும் சம அளவில் சட்டென்று கலக்க வேண்டும். 2 முதல் 5 நிமிடத்தில் சம அளவு சீரம் ஊற்றி நிறுத்த வேண்டும். செல் உருண்டையின் மேலே மிச்சமிருக்கும் பிபிஎஸ்ஸை முழுக்க எடுக்காமல் விடுவதுதான் பாதிப் பிரச்சினைக்குக் காரணம்.

அடுத்தது, கசிவுச் சோதனை. எந்த லேபிளாக இருந்தாலும் செய்யுங்கள். லேபிள் ஏற்றிய செல்லை ஒருநாள் வளர்த்து, அந்த மீடியத்தைச் செல் இல்லாமல் எடுத்து, லேபிள் ஏற்றாத செல்மேல் இரவு முழுக்க வைத்து ஃப்ளோ சைட்டோமெட்ரியில் (செல்களை ஒவ்வொன்றாக ஒளியில் அளக்கும் முறை) பாருங்கள். கடைசிக் கழுவல் நீரையும் அப்படியே சோதியுங்கள். அங்கே நிறம் வந்தால் எலிக்குள் என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டியதில்லை.


ஒளிப்பெட்டி எழுதியது:

ஒளி விடும் என்சைமான லூசிஃபெரேஸ் பற்றி யாரும் சொல்லவில்லை. மின்மினி லூசிஃபெரேஸ் ஒளி விட ஏடிபி (செல்லின் ஆற்றல் மூலக்கூறு), ஆக்சிஜன் இரண்டும் வேண்டும். செத்த செல் ஒளிராது. மேக்ரோஃபேஜ் விழுங்கியதும் ஒளிராது. இரும்பின் குறை இதில் இல்லை. ஒரே விலங்கை 28 நாளும் திரும்பத் திரும்பப் பார்க்கவும் முடியும்.

லூசிஃபெரேஸ், ஜிஎஃப்பி மரபணுக்களைச் செல்லில் ஏற்றுவதற்கு லென்டிவைரஸ். 1 லட்சம் செல்லுக்கு எம்ஓஐ (ஒரு செல்லுக்கான வைரஸ் அலகு) 5 என்றால் 5 லட்சம் வைரஸ் அலகு, டைட்டர் (வைரஸ் செறிவு) மி.லி.க்கு 1 கோடி என்றால் 50 மைக்ரோலிட்டர். இதைத் தொடக்கப் புள்ளியாக வைத்துக் குறைத்துக்கொண்டே போங்கள். ஜிஎஃப்பி நேர்மறை 30 சதவீதத்துக்குள் நின்றால் பெரும்பாலான செல்லில் ஒரே ஒரு பிரதிதான் நுழைந்திருக்கும். பிறகு ஒளிரும் செல்லை மட்டும் பிரித்தெடுத்து (சார்ட்) பெருக்கலாம். வைரஸ் நுழைய உதவும் பாலிபிரீன் எம்எஸ்சியின் பெருக்கத்தைக் குறைக்கும், அதற்குப் பதில் புரோட்டமின் போடுங்கள். சிஎம்வி புரோமோட்டர் (மரபணுவை இயக்கும் பகுதி) வேண்டாம், சில வாரத்தில் அணைந்துவிடும்; செல் போய்விட்டது என்று தவறாக எண்ணுவீர்கள். ஈஎஃப்1 ஆல்ஃபா அல்லது பிஜிகே வையுங்கள்.

லூசிஃபெரேஸ் ஒளிரத் தேவையான லூசிஃபெரின் கிலோவுக்கு 150 மி.கி. என்பது வழக்கமான அளவு. 300 கிராம் எலிக்கு 45 மி.கி.; மி.லி.க்கு 15 மி.கி. கரைசலில் 3 மி.லி. வயிற்றறைக்குள். சுண்டெலியோடு ஒப்பிட்டால் செலவு பத்து மடங்குக்கு மேல். செலுத்தியதும் 2 நிமிடத்துக்கு ஒருமுறை படமெடுத்து உச்சத்தைப் பிடியுங்கள். பத்தாவது நிமிடம் என்று நிலையாக வைத்துக்கொண்டால் ஒரு விலங்கில் உச்சத்துக்கு முன்னும் இன்னொன்றில் பின்னும் விழும். மார்பு முடியை மழித்துவிடுங்கள், வெள்ளை எலி நல்லது.

உங்கள் மாதிரியில் இரண்டு சிக்கல் இருக்கிறது. காயப் பகுதியில் ரத்த ஓட்டம் குறைவு, அதனால் லூசிஃபெரினும் ஆக்சிஜனும் குறைவாகவே போய்ச் சேரும். உயிரோடு இருக்கும் செல்லும் மங்கலாகத் தெரியும். முதல் நாளிலிருந்து ஏழாம் நாளுக்கு ஒளி கூடினால் செல் பெருகியது என்று எழுதிவிடாதீர்கள், ரத்த ஓட்டம் திரும்பியிருக்கலாம். இன்னொன்று, லூசிஃபெரேஸும் ஜிஎஃப்பியும் எலிக்கு அந்நியப் புரதங்கள். நோயெதிர்ப்பு முழுதாக உள்ள எலி அவற்றைக் காரணமாக வைத்தே செல்லைக் கொல்லலாம். அப்போது லேபிளே விளைவை மாற்றிவிடுகிறது.


பிசிஆர்மேசை எழுதியது:

அந்தக் கடைசிப் பத்திதான் நான் ஆண்–பெண் முறையை வலியுறுத்தக் காரணம். ஒரே இன்பிரெட் (மரபணு ஒத்த) வகை எலி, ஆண் கொடையாளி, பெண் ஏற்பி. செல்லில் எதையும் ஏற்ற வேண்டாம். ஒய் குரோமோசோமின் எஸ்ஆர்ஒய் மரபணுவைக் குவான்டிடேட்டிவ் பிசிஆரில் (டிஎன்ஏவைப் பெருக்கி அளக்கும் முறை) எண்ணுவது. விலங்கைக் கொல்ல வேண்டும் என்பது மட்டுமே குறை.

உணர்திறனை முன்கூட்டியே கணக்குப் போடுங்கள். ஒரு எலி செல்லில் டிஎன்ஏ ஏறத்தாழ 6 பிகோகிராம். முழு இதயத்திலிருந்து 600 மைக்ரோகிராம் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால் அது 10 கோடி செல். செலுத்திய 10 லட்சத்தில் 1 சதவீதம், அதாவது 10,000 செல், மிச்சமிருந்தால் விகிதம் பத்தாயிரத்தில் ஒன்று. ஒரு குழாயில் 100 நானோகிராம் போட்டால் 16,000 சொச்சம் செல்லின் டிஎன்ஏ. அதில் கொடையாளி செல் ஒன்றோ இரண்டோதான். ஒரு குழாயில் வரும், பக்கத்துக் குழாயில் வராது. ஆகவே மூன்று குழாய் போதாது. டிஎன்ஏவைக் கூட்டுங்கள், குழாயையும் கூட்டுங்கள்.

எலியில் எஸ்ஆர்ஒய் ஒரு பிரதி மட்டும் இல்லை, பல பிரதி. இது உணர்திறனுக்கு நல்லது, கணக்குக்கு ஆபத்து. பிளாஸ்மிட் வைத்து ஸ்டாண்டர்டு வளைவு போட்டால் செல் எண்ணிக்கை பல மடங்கு கூடி வரும். செலுத்தப் போகும் அதே எம்எஸ்சியை 100, 1,000, 10,000, 1 லட்சம் என்று எண்ணி, வேறொரு பெண் எலியின் முழு இதயத்தோடு சேர்த்து அரைத்து டிஎன்ஏ எடுங்கள். பிரித்தெடுப்பதில் ஏற்படும் இழப்பும் அந்த வளைவுக்குள்ளேயே வந்துவிடும்.

ஏற்பி எலி குட்டி போடாததாக இருக்க வேண்டும். ஆண் குட்டி சுமந்த தாயின் உடலில் ஆண் செல் தங்கும், அது பின்னணியாக வந்து நிற்கும். முதல் நாள் அளவில் செத்த செல்லின் டிஎன்ஏவும் சேர்ந்திருக்கும் என்பதையும் கட்டுரையில் எழுதுங்கள்.


திசுவளர்ப்பு எழுதியது:

முதல் நாளிலேயே பெரும்பகுதி காணாமல் போகும் என்று படித்தேன். அது சாவா, கசிவா?


காந்தப்படம் எழுதியது:

இரண்டும்; ஆனால் முதல் சில மணி நேரத்தில் கசிவே பெரிது. துடிக்கும் தசை செல்லை ஊசித்துளை வழியாகவும் சிரை வழியாகவும் பிழிந்து வெளியேற்றும். தசைக்குள் செலுத்தியதில் பத்தில் ஒரு பங்குகூட மறுநாள் மிஞ்சாதது வழக்கம். ஒரே இடத்தில் 100 மைக்ரோலிட்டரை அழுத்தாதீர்கள். 20 மைக்ரோலிட்டர் வீதம் நான்கைந்து இடம், 29 அல்லது 30 கேஜ் ஊசி, சாய்வாக நுழைத்து மெதுவாகத் தள்ளி, சில வினாடி வைத்திருந்து உருவுங்கள். சிரிஞ்சில் செல் அடியில் படிந்துவிடும். ஒவ்வொரு இடத்துக்கும் முன் கவிழ்த்துக் கலக்காவிட்டால் முதல் இடத்துக்கும் கடைசி இடத்துக்கும் எண்ணிக்கை ஒத்துப்போகாது.

வெளியேறும் செல் எங்கே போகிறது என்று பார்க்க நுரையீரலையும் எடுத்து வையுங்கள். எம்எஸ்சி நுரையீரல் நுண்குழாயைவிட அகலம், அங்கேதான் மாட்டும். சிரையில் ஏற்றினாலும் இதே கதைதான்: நுரையீரலில் மாட்டி, ஒரு நாளுக்குள் பெரும்பாலும் செத்துவிடும் என்று 2012-ல் சுண்டெலி ஆய்வு காட்டியது.


ஒளிப்பெட்டி எழுதியது:

உடல் முழுக்கப் பரவலைப் பார்க்கக் கதிரியக்க லேபிளான சிர்கோனியம்-89 ஆக்சின் வைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அரை ஆயுள் 78 மணி நேரம், ஒரு வாரத்துக்கு மேலும் பெட் படம் எடுக்கலாம். ஆனால் செத்த செல்லிலிருந்து விடுபடும் சிர்கோனியம் எலும்பில் போய் ஒட்டும். எம்எஸ்சி எலும்பு மஜ்ஜையைத் தேடிப் போனது என்று அதைப் படித்துவிடக் கூடாது.


திசுவளர்ப்பு எழுதியது:

இப்போது நினைப்பது: ஆண் எம்எஸ்சி, பெண் எலி, இரும்பு ஏற்றியது. முதல் நாள் எம்ஆர்ஐ. 1, 7, 28-ஆம் நாட்களில் எஸ்ஆர்ஒய் பிசிஆர். வெட்டில் ஒய் குரோமோசோம், இரும்பு, சிடி68 மூன்றும். இதில் எந்தக் கன்ட்ரோல் விட்டுப்போயிருக்கிறது?


விழித்திரை எழுதியது:

மூன்று கன்ட்ரோல் வேண்டும். மாரடைப்பு மட்டும், உப்புநீர். மாரடைப்போடு இரும்பு ஏற்றிய செத்த செல், அதே 10 லட்சம். திரவ நைட்ரஜனில் மூன்று முறை உறைத்து உருக்கி, செத்த செல்லில் மட்டும் ஏறும் டிரிப்பன் நீலத்தில் எல்லாம் நீலமாவதைப் பார்த்துவிட்டுச் செலுத்துங்கள். மூன்றாவது, இரும்பு ஏற்றாத உயிருள்ள செல். இரும்பு செல் பிழைப்பைக் கெடுக்கிறதா என்பதை அதன் பிசிஆர்தான் சொல்லும். குருத்தெலும்பு செல்லாக மாறும் திறனை ஃபெரிடெக்ஸ் தடுக்கிறது என்று 2004-லேயே காட்டியிருக்கிறார்கள், ஆகவே இந்தக் கேள்வி வெறும் சம்பிரதாயம் இல்லை. செத்த செல் எலியின் 28-ஆம் நாள் எம்ஆர்ஐயும் உயிருள்ள செல் எலியின் எம்ஆர்ஐயும் ஒன்றுபோல இருந்தால் இரண்டையும் அருகருகே அச்சிடுங்கள், மறைக்காதீர்கள்.

ஒய் குரோமோசோமை வெட்டில் புள்ளியாகக் காட்டும் ஹைப்ரிடைசேஷனில் ஆண் எலியின் இதய வெட்டை ஒவ்வொரு முறையும் கூடவே ஓட்டுங்கள். மெல்லிய வெட்டில் நியூக்ளியஸ் பாதி வெட்டுப்பட்டுப் போகும். ஆண் திசுவிலேயே எல்லா நியூக்ளியஸிலும் புள்ளி தெரியாது. அந்த விகிதம் தெரியாமல் எண்ணிக்கை சொல்ல முடியாது.


பிசிஆர்மேசை எழுதியது:

சிடி68-ஐயும் இரும்பையும் ஒரே வெட்டில் பார்க்க வரிசை முக்கியம். முதலில் சிடி68-ஐப் பிடிக்கும் இடி1 ஆன்டிபாடியும் ஒளிர்சாயமும், நியூக்ளியஸைக் காட்டும் டிஏபிஐயும். நீர்ம மவுண்டிங்கில் மூடி, இடத்தின் ஆயத்தொலைகளைக் குறித்துக்கொண்டு படமெடுங்கள். பிபிஎஸ்ஸில் ஊறவைத்துக் கவர்ஸ்லிப்பைத் தானாக நழுவவிட்டு, அதன் பிறகு இரும்பை நீலமாக்கும் பெர்ல்ஸ் சாயம்: 2 சதவீதப் பொட்டாசியம் ஃபெரோசயனைடும் 2 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சம அளவு, அப்போதே கலந்தது, 20 நிமிடம். அதே இடத்துக்குத் திரும்பிச் சாதாரண ஒளியில் படம். முதலில் பெர்ல்ஸ் செய்தால் நீலப் படிவு ஒளிர்வை மறைத்துவிடும். மேக்ரோஃபேஜ் அங்கே இல்லை என்று தோன்றும். பெர்ல்ஸுக்குப் பின் காரத் திரவம் எதுவும் படக்கூடாது, நீலம் மறைந்துபோகும். கழுவக் குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதிலும் இரும்பு இருக்கும்.

விலங்கு எண்ணிக்கையை விலங்கு நெறிமுறைக் குழுவுக்கு எழுதும்போது பிசிஆருக்கும் வெட்டுக்கும் தனித்தனி எலி கேளுங்கள். ஒரே இதயத்தைப் பாதியாக்கி இரண்டுக்கும் கொடுக்கலாம் என்று தோன்றும். செல் நாலைந்து புள்ளியில்தான் குவிந்திருக்கும். எந்தப் பாதியில் எத்தனை புள்ளி போனது என்று தெரியாமல் முழு இதயத்துக்குக் கணக்கை நீட்ட முடியாது.


திசுவளர்ப்பு எழுதியது:

அப்படியே பிரித்துக்கொள்கிறேன். செத்த செல் குழுவுக்கும் மூன்று நாளும் பிசிஆர் தேவையா, 28-ஆம் நாள் மட்டும் போதுமா?


பிசிஆர்மேசை எழுதியது:

1-உம் 7-உம் கட்டாயம். செத்த செல்லின் டிஎன்ஏ எத்தனை நாளில் இதயத்திலிருந்து மறைகிறது என்பதை அந்தக் குழுதான் காட்டும். உயிருள்ள குழுவின் முதல் நாள் எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பது அதைப் பொறுத்தது. 7-ஆம் நாளே பூஜ்யத்துக்கு வந்துவிட்டால் 28-ஆம் நாளுக்குப் பிசிஆர் எலி தேவையில்லை. எம்ஆர்ஐக்கும் வெட்டுக்கும் வைத்திருப்பவை போதும்.